குவளை வரைக்கும்

ஜூன் 3

நாத்தனார் அவர்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் குழந்தைகள் காப்பகத்தின் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ‘இங்குள்ள குடிநீர் குடிக்கத் தகாதது. மறு உத்தரவு வரும்வரை மூடப்படுகிறது.’ கீழே உங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரை. முத்திரைக்கு மேலே உங்கள் கையெழுத்து. அந்த வளைந்த வால் எனக்குத் தெரியாதா? எங்கள் கல்யாணப் பதிவேட்டில் சாட்சியாகப் போட்டதும் அதே வால்தானே!

நாலு வருடமாக நடத்துகிறேன். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை என் முன்னறையில் விட்டுவிட்டுப் போய், மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். பதினொரு பிள்ளைகள். ஒரு நாளாவது ஒரு பிள்ளையின் நகத்தில் அழுக்கு இருந்து பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது உண்மை. நாங்கள் குண்டூசி என்று கூப்பிடும் அந்த ஒல்லிக் குட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்ததும் உண்மை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது என் வீட்டுத் தண்ணீரால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? என் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியின் அடியில் கிடக்கும் தலைமுடியை எண்ணலாம், அப்படி ஒன்று கிடந்தால்.

அதுகூடப் போகட்டும். வந்தவர்களில் ஒருவர் என் முகத்துக்கு நேரே, "லேப்ல அம்மாவே சொன்னாங்க, வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வெச்சிக்கச் சொல்லுங்கன்னு" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

போனில் உங்கள் பெயர் வந்தால் எடுக்கமாட்டேன். எடுத்தால் வாயில் வந்ததெல்லாம் வந்துவிடும். அதனால்தான் கடிதம். உங்கள் தம்பி உங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. மறு ஆய்வுக்கு என்று அவர்கள் விட்டுப்போன பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். மறுபடி பாருங்கள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அழுக்கு வீட்டுக்காரி


ஜூன் 5

தம்பி வீட்டுக்காரிக்கு,

நீ அனுப்பிய பாட்டிலை ஆய்வுக்கு எடுக்க முடியாது.

முதல் காரணம், அதில் சோப்பு வாசனை அடிக்கிறது. அது நாங்கள் கிருமி நீக்கி, மூடி, காகிதம் சுற்றிக் கொடுத்த பாட்டில். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத்தூள் இருந்திருக்கும். அது தூசி இல்லை. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் அதை அடக்குவதற்காக நாங்களே போட்டது. நீ அதைக் கழுவி ஊற்றியிருக்கிறாய். பதினாறு வருட வேலையில், ஆய்வுக்கூடத்துப் பாட்டிலைத் துலக்கித் திருப்பி அனுப்பிய முதல் ஆள் நீதான்.

இரண்டாவது காரணம் என் தம்பி. பாட்டிலை பஸ்ஸின் இன்ஜின் மூடிமேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். கேட்டால், "அங்கதான்க்கா ஆடாம இருந்துச்சு" என்கிறான். தண்ணீர் குளிக்கிற சூட்டில் வந்து சேர்ந்தது.

புதுப் பாட்டிலும் ஒரு ஐஸ் பெட்டியும் அனுப்புகிறேன். கழுவாதே, துடைக்காதே, உள்ளே ஊதாதே. மூடியின் உள்பக்கத்தைத் தொடாதே. பிடித்த அன்றே எனக்கு வந்து சேரவேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கலாம். எங்கள் ஆய்வுத் தட்டில் வளர்கிற கிருமி கண்ணுக்குத் தெரிந்துகொண்டு வருவதில்லை. அலுவலகம் கொண்டுவந்த பாட்டிலில் உங்கள் வீட்டு எண்ணைப் பார்த்ததும், தட்டில் வளர்ந்த கிருமிப் புள்ளிகளை நான் மூன்று தடவை எண்ணினேன். தப்பாக இருக்கவேண்டும் என்றுதான் எண்ணினேன். தப்பாக இல்லை. வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கலாம். அப்புறம் மறுநாள் அந்த நாற்காலியில் எப்படிப் போய் உட்காருவது?

வீட்டுச் சுத்தத்தைப் பற்றி நான் சொன்னதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நாத்தனார்


ஜூன் 9

அக்கா என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் அக்கா,

பாட்டிலைக் கழுவவில்லை. கழுவாத பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது.

பிள்ளைகள் இப்போது அம்மாக்களோடு சூளைக்குப் போகிறார்கள். குண்டூசியின் அம்மா ஒரு கண்ணை அச்சிலும் ஒரு கண்ணை மகள் மேலும் வைத்துக்கொண்டு செங்கல் அறுக்கிறாள். போன வாரம் மட்டும் எண்பது கல் கோணலாகப் போய்விட்டதாம். அங்கே குடிப்பதற்கு ஒரு தகர ட்ரம். எல்லாரும் அதிலேயே கையை விட்டு மொள்கிறார்கள். என் வீட்டில் குடிக்கத் தகாதென்று பூட்டிவிட்டு, பிள்ளைகளை அந்த ட்ரம்முக்கு அனுப்பியிருக்கிறது உங்கள் அலுவலகம்.

நான் போய், "கொஞ்ச நாள்தான், திறந்துடுவேன்" என்று சொன்னேன். குண்டூசியின் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திறந்தா நீயே உக்காந்துக்கோ. எம்புள்ள வராது" என்றாள். நாலு வருடம் தன் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனவள் அக்கா. அழுகை வந்துவிட்டது.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீங்கள் அந்தப் பெரிய நாற்காலியில் இருக்கிறீர்கள். சொந்தத் தம்பி வீடு. கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?

தம்பி மனைவி


ஜூன் 13

தம்பி வீட்டுக்காரிக்கு,

கூடாது.

மறு ஆய்வில், நூறு மில்லித் தண்ணீருக்கு அறுபது கிருமிப் புள்ளி. இருக்கவேண்டியது சுழி. உன் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக் கழிப்பறைக் குழி பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறதாம். தம்பியை அடியால் அளந்து வரச் சொன்னேன். மழை பெய்தால் அது எங்கே இறங்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை. நீ தலைகீழாக நின்று துலக்கினாலும் கிணற்றுக்குள் போய் இதைத் துலக்க முடியாது.

விதி இதுதான். வாரத்துக்கு ஒன்றாக, தொடர்ந்து மூன்று பாட்டில் சுழி வரவேண்டும். வந்தால் அன்றைக்கே சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன், அதே வாலோடு.

நாளைப் பஸ்ஸில் ஒரு மணல் வடிகட்டி வருகிறது. இடுப்பு உயர டப்பா, உள்ளே கூழாங்கல், அதற்குமேல் மணல். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்று, கீழே குழாயில் வடியும். வடிந்ததைக் குழாய் வைத்த பானையில் பிடித்து, கூட அனுப்பும் குளோரினை அளவாகச் சொட்டு விட்டு, அரை மணி கழித்துக் குடிக்கலாம். தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். மூன்று நான்கு வாரம் ஓடினால்தான் அது வேலைக்கு வரும். அதுவரை பொறுமையாக இரு. அது முடிந்ததும், குளோரின் விடாமல் ஒரு பாட்டிலை வடிகட்டியின் வாயிலிருந்தே அனுப்பு, அது எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கலாம்.

நாத்தனார்


ஜூலை 24

தம்பி வீட்டுக்காரிக்கு,

வடிகட்டி வாயிலிருந்து நீ அனுப்பிய பாட்டிலில் நூற்றுப் பத்து.

கிணற்றில் நேரே எடுத்ததே அறுபதுதான். ஐந்து வாரம் மணலில் வடிந்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது. இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மற்றவர்கள் பாட்டில் மாறியிருக்கும் என்கிறார்கள். மாறவில்லை. உன் கையெழுத்து இருக்கிறது, பெட்டியில் ஐஸும் இருக்கிறது. தம்பி அந்தப் பெட்டியை இப்போது கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருகிறான்.

அந்த வடிகட்டிக்கு நீ காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்கிறாய் என்று ஒன்றுவிடாமல் எழுது.

நாத்தனார்


ஜூலை 26

அக்காவுக்கு,

ஒன்றுவிடாமலே எழுதுகிறேன். என் மேல் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா பாருங்கள்.

காலையில் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பேன். தண்ணீர் ஊற்றுவேன். இது தினமும். சனிக்கிழமைதான் பெரிய வேலை. முதல் வாரமே மணலின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் படிந்துவிட்டது. பார்த்ததும் எனக்குக் குமட்டியது. இதில் வடிந்த தண்ணீரையா பிள்ளைகளுக்குக் கொடுப்பது? அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மணலை முழுக்க வெளியே எடுத்து, சலவைத்தூள் போட்டு, கிணற்றடியில் நாலு தண்ணீரில் அலசுகிறேன். பிறகு ஒரு போர்வையை விரித்து அதன்மேல் காயப்போடுகிறேன். திரும்ப உள்ளே போட்டதும் மேலே ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர். ஒரு மணல்துகள் பாக்கி இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. தங்கப்பொடி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக் காட்டினேன்.

காயும்போது கோழிகள்தான் தொந்தரவு. விரட்டி விரட்டிக் கை வலிக்கிறது. நான் அந்தப்பக்கம் திரும்பினால் இந்தப்பக்கம் ஏறிவிடுகின்றன.

இதற்குமேல் ஒரு மனுஷியால் என்ன செய்ய முடியும்?

தம்பி மனைவி


ஜூலை 29

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டார்கள். போர்வை, கோழி, தங்கப்பொடி. மூன்று தடவை படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி.

உனக்குக் குமட்டியதே, அந்தப் பழுப்புப் படலம், அதுதான் வடிகட்டி. மற்றதெல்லாம் வெறும் மணல். நல்ல உயிர்கள் மூன்று நான்கு வாரத்தில் மெல்ல மெல்ல வளர்ந்து மேலே அப்படி ஒரு படலமாகின்றன. கிணற்றிலிருந்து வரும் கெட்டதை அவைதான் தின்று தீர்க்கின்றன. நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் அவற்றைச் சலவைத்தூளில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டு, தப்பிப் பிழைத்தவற்றின் மேல் பிளீச்சிங்கும் தூவியிருக்கிறாய். எந்த எதிரிக்கும் இவ்வளவு செய்யமாட்டார்கள். அதோடு, போர்வையில் ஏறிய கோழி சும்மா இறங்கியிருக்குமா? அறுபது நூற்றுப் பத்தானது அப்படித்தான்.

தப்பு என்னுடையது. ‘தினமும் ஊற்று’ என்று எழுதினேனே தவிர, ‘கழுவாதே’ என்று எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. இதுவரை நான் வடிகட்டி கொடுத்த எந்த வீட்டிலும் அதைக் கழுவுகிற அளவுக்கு யாருக்கும் அக்கறை இருந்ததில்லை.

அன்றைக்கு அந்த அலுவலக ஆட்களிடம் நான் சொன்னது அநியாயம். ஒன்பது பிள்ளைகள் என்று கேட்டதும் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். உன் வீட்டில் அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் நேரே சொல்லியிருக்கவேண்டும். இரண்டு மாதமாக எழுத நினைத்து நினைத்து, பாட்டில் எண்ணையும் தேதியையும் எழுதி முடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

இனி ஒரு மாதம் மணலில் கை வைக்காதே. தண்ணீர் வடிவது மெதுவானால் மட்டும், மேல் தண்ணீரைக் கையால் லேசாகக் கலக்கி, கலங்கலை மொண்டு ஊற்றிவிடு. அவ்வளவுதான். குளோரின் பானைக்கு மட்டும், மணலுக்கு இல்லை.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. கை வைக்கவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று உங்கள் தம்பியைச் சாட்சிக்கு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தாலே என் கை நமநமக்கும். ஒரு சனிக்கிழமை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து அவர், "ஏய், கையை எடு. அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என்னை அவர் மிரட்டியது அன்றைக்குத்தான். மிரட்டிவிட்டு அவரே பயந்துபோய்க் கடைக்குப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அந்தக் கையை மற்ற இடங்களில் காட்டினேன். சுவர், ஜன்னல், பிள்ளைகளின் பாய், குவளைகள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. கோழிகள்கூடக் கொஞ்சம் பயந்துபோயிருக்கின்றன.

நீங்கள் எழுதிய அந்த மன்னிப்பை நான் இரண்டு தடவைதான் படித்தேன். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். விடுங்கள் அக்கா. பயத்தில் வந்த வார்த்தை என்றால் எனக்கும் புரியும். எனக்கும் அந்த வாரம் முழுக்க அதே பயம்தான். அதனால்தான் எல்லார் மேலும் பாய்ந்தேன்.

பானைக் குழாயில் பிடித்து, மூன்றில் முதல் பாட்டிலை அனுப்புகிறேன். முடிவு தெரிந்ததும் அடுத்த பஸ்ஸிலேயே சொல்லியனுப்புங்கள்.

தம்பி மனைவி


செப்டம்பர் 5

சுழி!

வேறொன்றும் எழுத நேரமில்லை. பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார்.

அக்கா


செப்டம்பர் 12

இரண்டாவதும் சுழி. தட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது, உன் வீட்டுச் சுவர் மாதிரி. இன்னும் ஒன்றுதான். பிள்ளைகளின் பாயைத் தட்டி வை.

அக்கா


செப்டம்பர் 16

அக்காவுக்கு,

என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். அந்த இரண்டு சீட்டையும் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை நூல் கட்டியது வழக்கம்போலப் பானைக் குழாயில் பிடித்தது. அது உங்கள் அலுவலகத்துக்கு. சிவப்பு நூல் கட்டியது எனக்கு.

விஷயம் இதுதான். போன வாரம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது. எந்தப் பிள்ளையும் குழாயில் வாயை வைத்துக் குடிப்பதில்லையே! நான் என்ன செய்வேன் என்றால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதினொரு குவளையையும் வரிசையாக வைத்து நிரப்பிவிடுவேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒன்று. இன்றைக்குப் பிள்ளைகள் இல்லாமலே அதேமாதிரி நிரப்பி, ஒரு மணி நேரம் வைத்து, ஒரு குவளையிலிருந்து சிவப்பு நூல் பாட்டிலுக்கு ஊற்றினேன். குழாயில் வருவதை நீங்கள் பார்க்கிறீர்கள். பிள்ளையின் வாய்க்குப் போவதை நான் பார்க்கவேண்டும்.

எப்படியும் சுழிதான் வரும். குவளைகளில் முகம் பார்க்கலாம்.

தம்பி மனைவி


செப்டம்பர் 19

தம்பி வீட்டுக்காரிக்கு,

முதலில் நல்லது. வெள்ளை நூல் சுழி. சான்றிதழ் இதோடு இருக்கிறது. கையெழுத்தின் வாலை இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே இழுத்தேன். கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு நாளைக்கே திறக்கலாம்.

அடுத்தது சிவப்பு நூல். இருபத்தெட்டு.

உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. விதிப்படி பானைக் குழாய் மட்டும்தான் கணக்கு. குவளையை எந்த அலுவலகமும் கேட்பதில்லை, நானும் இதுவரை கேட்டதில்லை. சான்றிதழ் செல்லும். நீ திற. குவளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அந்தத் தகர ட்ரம்மில் குடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

சான்றிதழ் கையில் வந்ததும் முதலில் குதித்தேன். பிறகு இரண்டாவது பத்தியைப் படித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

திறக்கப் போவதில்லை. கதவைத் திறக்க உங்கள் கையெழுத்து போதும். ஆனால் இருபத்தெட்டு என்று தெரிந்த குவளையை நான் எப்படிக் குண்டூசியிடம் நீட்டுவேன்? தெரியாமல் கொடுத்தபோதே அந்தப் பிள்ளை ஊசி குத்திக்கொண்டு கிடந்தது.

நீங்கள் ட்ரம்மைப் பற்றி எழுதியது நியாயம். அதற்கும் வழி பண்ணிவிட்டேன். இன்று காலை சூளைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். "சான்றிதழ் வந்திருச்சு, இதோ பாருங்க. ஆனா குவளை சரியில்லை. சரியாகிற வரைக்கும் திறக்கமாட்டேன். அதுவரைக்கும் தண்ணி நான் கொண்டு வர்றேன், அந்த ட்ரம்மைத் தொடாதீங்க" என்றேன். இனி தினமும் காலையில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, குழாய் வைத்த கேனில் நிரப்பிச் சைக்கிளில் கொண்டுபோவேன். உங்கள் தம்பி பஸ்ஸுக்குப் போகும் முன் ஒரு நடை அவரும் மிதிப்பார். இன்றைக்கு முதல் நடையிலேயே டயர் பஞ்சர்.

இதோடு நான்கு பாட்டில் வருகிறது. நூலைப் பாருங்கள். வெள்ளை, பானைக் குழாய். மஞ்சள், கழுவிய குவளையில் உடனே பிடித்தது. பச்சை, கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த குவளையில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தது. சிவப்பு, நான் எப்போதும் செய்வதுபோலக் கழுவி, துணியால் துடைத்து, பிடித்து, ஒரு மணி நேரம் வைத்தது. குவளை கழுவுவதும் வடிகட்டிய தண்ணீரில்தான், அதில் நான் கெட்டி. எங்கே நுழைகிறது என்று இந்த நான்கில் ஒன்று சொல்லவேண்டும்.

தம்பி மனைவி


செப்டம்பர் 23

என் ஆய்வாளருக்கு,

வெள்ளை சுழி. மஞ்சள் சுழி. பச்சை சுழி. சிவப்பு முப்பத்தொன்று.

துணி.

அந்தத் துணியை எந்தத் தண்ணீரில் அலசுகிறாய்? கிணற்றடியில்தானே! அலசி, ஈரத்தோடு அடுப்படியில் மடித்து வைத்து, மறுநாள் பதினொரு குவளைக்கும் உள்ளே விட்டுச் சுழற்றுகிறாய். வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும், எனக்குத் தெரியும். நீ முகம் பார்க்கலாம் என்று எழுதியதும் நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

குவளையைத் துடைக்காதே. பச்சை நூலுக்குச் செய்தபடி கழுவி, கவிழ்த்து, வெயிலில் காயவிடு. பளபளப்புக் குறைந்தால் குறையட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மாற்றி நான்கு பாட்டில் எடுத்து அனுப்பச் சொல்லி உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூடத்தில் இருக்கும் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 10

அக்காவுக்கு,

குவளையிலிருந்து தொடர்ந்து இரண்டு வாரம் சுழி என்று உங்கள் சீட்டு வந்ததும், திங்கட்கிழமை கதவைத் திறந்தேன்.

ஐந்து மணிக்கே எழுந்து, பாய் விரித்து, குவளைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன். ஏழு மணி. யாரும் வரவில்லை. ஏழே கால். தெருவில் ஒரு ஆடு போனது. நாலு மாதம் பட்டதெல்லாம் வீணா என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் தம்பி முதல் பஸ்ஸை வேறொருவரிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றார். டிக்கெட் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தெரு முனையில் முதலில் வந்தது குண்டூசியின் அம்மா. இடுப்பில் குண்டூசி. பின்னாலேயே மற்ற எல்லாரும். சூளையில் கூடிப் பேசிவிட்டு மொத்தமாக வந்ததால் தாமதமாம். அவள் பிள்ளையை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சீட்டைக் கையில வெச்சிக்கிட்டே வேணாம்னு கதவைச் சாத்தி வெச்சவ நீ. உங்கிட்ட விடாம வேற யார்கிட்ட விடுறது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வேலைக்கு நேரமாயிற்று என்று நடந்துவிட்டாள். நல்லவேளை. நான் அழுததை அவள் பார்க்கவில்லை.

இப்போது பதினான்கு பிள்ளைகள். புதிதாக வந்த மூன்று பேருக்கும் குவளை போதவில்லை. சூளையில் ட்ரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாய் வைத்த பெரிய கேன் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து போய் முதலாளியைக் கேட்டார்களாம். தண்ணீரைக் கொதிக்கவைப்பது யார் முறை என்று தினமும் சண்டை. நல்ல சண்டை.

குண்டூசிக்குக் கன்னம் வைத்திருக்கிறது. இனி அந்தப் பெயர் பொருந்தாது என்று உங்கள் தம்பி சொல்கிறார்.

தம்பி மனைவி


அக்டோபர் 15

என் அன்பான தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆடு போன இடத்தில் சிரித்தார்கள், அடுத்த பத்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். தாகம். என் அடுப்படியில், சுவரில் மாட்டிய விலை உயர்ந்த வடிகட்டி மெஷினில் தண்ணீர் பிடித்தேன். குவளை வாய்வரை வந்துவிட்டது. குடிக்காமல் இறக்கிவிட்டேன். பதினாறு வருடமாக ஊரார் தண்ணீரை எண்ணுகிறேன். எத்தனையோ வீட்டைத் தகாது என்று எழுதியிருக்கிறேன். என் வீட்டுக் குவளையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்ததில்லை. தோன்றியதே இல்லை.

எடுத்தேன். நாற்பத்திரண்டு.

உன் இருபத்தெட்டைப் பார்த்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிய ஆள் நான். என் நாற்பத்திரண்டைப் பார்த்தபோது அப்படி எழுத வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ரெண்டு வருஷமா வயிறு சரியில்லன்னு சொன்னப்பல்லாம், ஓட்டல்ல கண்டதைத் தின்னா இப்படித்தான்னு திட்டினியே?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஜெயித்த ஒரே வாக்குவாதம் இதுதான், இன்னும் பத்து வருடத்துக்கு இதைச் சொல்லிக் காட்டுவார்.

எல்லாருக்கும் எழுதுவது போலவே படிவம் எடுத்து, என் வீட்டு எண்ணை எழுதி, ‘குடிக்கத் தகாதது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. பாட்டில்களும் நூலும் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கெங்கே பிடிக்கவேண்டும் என்று நீ சொல், நான் பிடிக்கிறேன். தப்பாகப் பிடித்தால் திட்டு.

அக்கா